ஒரு கோப்பு, ஒரு வேலை, ஓர் அனுமதி

மும்பை காட்கோபர் கிழக்கில், பந்த் நகர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கட்டிங் சாயை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கடையில இருக்கது ஒரே கம்ப்யூட்டர். நானும் உக்காருதேன், டைப் அடிக்கிற பிள்ளையும் உக்காருது, ஃபாரம் நிரப்புற பையனும் உக்காருதான். மாசக் கடைசில ஜிஎஸ்டி கணக்கு பாக்க ஒருத்தர் வாராரு. அவரு பில்லை மட்டும் பாத்தா போதும், அதையும் திருத்தக் கூடாது. ஆதார், பான் எல்லாம் ஃபாரம் நிரப்புறவன் மட்டும் பாக்கணும். கல்யாணப் பத்திரிகை டிசைனை அந்தப் பிள்ளை மட்டும் திருத்தணும். இப்படி ஆளுக்கொரு விதமா, ஃபைலுக்கொரு விதமா வைக்க முடியாதா?"

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் கேட்கப்பட்ட கேள்விதான் இது. இன்று இது காமராஜ் நகரிலும் பந்த் நகரிலும் தாராவியிலும் உள்ள கடைகளின் கேள்வியாகிவிட்டதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் தன் ஆதாரை, பான் அட்டையை, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார். கடைக்காரர் வாட்ஸ்அப் வெப்பில் திறந்து பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறார். வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கோப்போ டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே தங்கிவிடுகிறது. வருடக் கணக்கில் அப்படிச் சேர்ந்த அடையாள ஆவணங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், ஒரே பாஸ்வேர்டின் கீழ் கிடக்கின்றன. பல கடைகளில் அந்தப் பாஸ்வேர்டும் இல்லை.

எனவே அண்ணாச்சியின் கேள்வியைப் பொறுமையாகவே பார்ப்போம்.

ஒன்பது குறிகள்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்றைய லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், மேக் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே குடும்பம்தான்.

1971இல் வந்த அதன் முதல் கையேட்டில் கோப்பின் சொந்தக்காரர், மற்றவர் என்று இரண்டே பிரிவு இருந்தது. குழு என்ற மூன்றாவது பிரிவு சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. இந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகள்: படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா? மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது குறிகள். ஒரு கோப்பின் அடிப்படை அனுமதி இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடும்.

இதை எண்ணாகவும் எழுதுவார்கள். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. சொந்தக்காரர் படிக்கவும் எழுதவும் செய்யலாம் என்றால் 6. குழுவினர் படிக்க மட்டும் என்றால் 4. மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றால் 0. சேர்த்து எழுதினால் 640. சர்வர் வேலை பார்ப்பவர்கள் "செவன் செவன் செவன் போட்டுட்டேன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எல்லோரும் எல்லாமும் செய்யலாம் என்பதே அந்த 777.

எளிமையானது, வேகமானது, நினைவில் நிற்பது. ஒரு பல்கலைக்கழகத் துறையில் சில பேர் ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்துக்கு இது போதுமானதாகவே இருந்தது. அண்ணாச்சியின் கடைக்குத்தான் போதவில்லை. ஒரு கோப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், குழுவும் ஒன்றுதான். பில் ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி சொந்தக்காரர். டைப் அடிக்கும் பெண் அதில் புது பில் எழுத வேண்டும். கணக்கர் படிக்க மட்டும் வேண்டும். ஃபாரம் நிரப்பும் பையனுக்கு அங்கே வேலையே இல்லை. எழுதுகிறவரையும் படிக்கிறவரையும் ஒரே குழுவில் போட்டால் கணக்கருக்கும் எழுதும் அனுமதி வந்துவிடும். கணக்கரை மற்றவர் என்று விட்டால் பையனுக்கும் படிக்கும் அனுமதி வந்துவிடும்.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு குழு உண்டாக்கலாமே என்று தோன்றும். நாலு பேருக்கு வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளுக்கும் 15 குழுக்கள் தேவை. பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் அது 1,023 ஆகும். புதுக் குழு உண்டாக்கும் அதிகாரமோ அட்மினுக்கு மட்டும்தான். "இந்த ஒரு கோப்பை இவரும் பார்க்கட்டும்" என்று நினைக்கும் சாதாரணப் பயனருக்கு இரண்டே வழி: அட்மினிடம் போய் நிற்பது, அல்லது எல்லோருக்கும் திறந்துவிடுவது. அவசரத்தில் மனிதர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். அனுமதியை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துத் தாருங்கள் என்ற கோரிக்கை இந்த இடத்தில்தான் பிறந்தது.

இன்னொரு விஷயமும் பலரைத் திகைக்க வைக்கும். யூனிக்ஸில் ஒரு கோப்பை எழுத முடியாதபடி பூட்டி வைத்தாலும் அதை அழிக்க முடியலாம். அழிப்பது என்பது ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவது. ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால் போதும்; கோப்பின் அனுமதியை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் புழங்கும் தற்காலிக ஃபோல்டர்களில் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்காமலிருக்க, ஸ்டிக்கி பிட் என்ற கூடுதல் குறி ஒன்றைப் பயன்படுத்த வேண்டி வந்தது. ஒன்பது குறிகள் போதாது என்பதை யூனிக்ஸே ஒப்புக்கொண்ட இடம் அது.

பெயர் சொல்லி எழுதும் பட்டியல்

இதற்கு விடை யூனிக்ஸுக்கு முன்பே இருந்தது. எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் மூன்றும் சேர்ந்து 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கின. அதில் ஒவ்வொரு கோப்புடனும் ஒரு பட்டியல் இருந்தது: இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னாருக்கு ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். தொழிலில் ஏசிஎல் என்பார்கள். பெல் ஆய்வுக்கூடம் 1969இல் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அதன்பின் சிறிய கணினிகளுக்காக உருவான யூனிக்ஸ், பட்டியலை விட்டுவிட்டுச் சில குறிகளோடு நிறுத்திக்கொண்டது. நினைவகத்தின் விலை அப்படி இருந்த காலம் அது.

பட்டியல் திரும்பி வந்தது. 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்டி, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்புடன் இதைக் கொண்டுவந்தது. யூனிக்ஸ் உலகில் பாசிக்ஸ் என்ற பொதுத் தரத்துக்குள் இதைச் சேர்க்க ஒரு வரைவு எழுதினார்கள். அது ஒப்புதல் பெறாமலே 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. ஆனாலும் லினக்ஸ் அந்த வரைவையே பின்பற்றி, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் பட்டியலைச் சேர்த்துக்கொண்டது. தரமாக ஏற்கப்படாத ஒன்றை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றால் தேவை எவ்வளவு உண்மையானது என்று பாருங்கள்.

ஆக, அண்ணாச்சி கேட்டது இன்று அவருடைய விண்டோஸிலேயே இருக்கிறது. பில் ஃபோல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போனால், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே படிக்க, எழுத, மாற்ற என்று தனித்தனியாகக் குறிக்கலாம். மேல் ஃபோல்டரில் வைத்த விதி உள் ஃபோல்டர்களுக்கும் இறங்கி வரும். "கூடாது" என்ற விதியையும் தனியே எழுதலாம். ஒரே இடத்தில் "சரி", "கூடாது" இரண்டும் இருந்தால் "கூடாது" என்பதே நிற்கும். இருக்கும் கோப்பின் கடைசியில் சேர்க்கலாம், முன்பு எழுதியதைத் திருத்தக் கூடாது என்பது வரை பிரிக்க முடியும். கணக்குப் பதிவேடுகளுக்கு இந்த நுணுக்கம் மிகப் பெரிய பாதுகாப்பு. லினக்ஸிலும் ஒரு கோப்பை இப்படிச் சேர்க்க மட்டும் என்று குறித்து வைக்கலாம்.

ஆளைப் பிரித்தால் போதுமா?

"அப்போ ஆளாளுக்குக் கணக்கு தொறந்து பிரிச்சுட்டா முடிஞ்சிருச்சு, அப்படித்தானே?" என்றார் அண்ணாச்சி.

பாதிதான் முடிந்தது. இதுவரை பார்த்த விதிகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: உட்கார்ந்திருப்பது யார்? ஆனால் கோப்பைத் திறப்பது ஆள் அல்ல, நிரல். நீங்கள் ஒரு நிரலை இயக்கினால், அது உங்கள் பெயரில், உங்கள் அனுமதி முழுவதோடும் ஓடும். எங்கிருந்தோ இறக்கிய இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றை அண்ணாச்சி தன் கணக்கில் திறந்தால், இயங்குதளத்தின் கண்ணுக்கு அதுவும் அண்ணாச்சிதான். அவர் படிக்கக்கூடிய ஒவ்வோர் ஆதாரையும் அது படிக்கலாம்; அவர் அழிக்கக்கூடிய ஒவ்வொரு பில்லையும் அழிக்கலாம். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பெரும்பாலும் செய்வது இதுதான். எந்தப் பூட்டையும் உடைக்காமல், உங்களுக்கிருக்கும் எழுதும் அனுமதியைக் கொண்டே உங்கள் கோப்புகளை மறையாக்கம் செய்துவிடும்.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் சமையலறை வரை வருகிறார். வேலை முடிந்ததும் போகிறார். அதற்காக அவரிடம் பீரோ சாவியை யாரும் கொடுப்பதில்லை. கணினியில் ஒவ்வொரு நிரலிடமும் நாம் பீரோ சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஆபத்தை முதலில் கண்டவர்கள் இன்றைய ஆட்கள் இல்லை. 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரை, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அனுமதியோடு இயங்க வேண்டும் என்று சொன்னது. 1988இல் நார்ம் ஹார்டி ஒரு பழைய சம்பவத்தை எழுதினார். ஒரு கணினி நிறுவனத்தில் கம்பைலர் என்ற நிரலுக்கு, தன் புள்ளிவிவரங்களைக் குறித்துவைக்க ஒரு ஃபோல்டரில் எழுதும் அனுமதி தந்திருந்தார்கள். வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்குக் கோப்பும் அதே ஃபோல்டரில் இருந்தது. ஒரு பயனர், தன் வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பின் பெயராக அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுத்தார். அவருக்கு அதில் எழுத அனுமதி இல்லை. கம்பைலருக்கு இருந்தது. எழுதிவிட்டது, கட்டணக் கணக்கு போய்விட்டது. யாருடைய அதிகாரத்தில், யாருக்காக இதைச் செய்கிறோம் என்று அந்த நிரலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்காது.

அதனால்தான் கடந்த பத்தாண்டுகளில் கோரிக்கை ஆளிடமிருந்து நிரலுக்கு நகர்ந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், முக்கியமான ஃபோல்டர்களில் நம்பகமான நிரல்கள் மட்டுமே எழுதலாம் என்ற வசதி சேர்ந்தது. 2018இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம், ஒரு நிரல் தனக்கு வேண்டிய ஃபோல்டர்களை முதலிலேயே சொல்லிவிட்டு, மற்றவை தன் கண்ணில் படாதபடி தானே மறைத்துக்கொள்ளும் வழியைத் தந்தது. 2019இல் மேக் கணினிகள், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களுக்குள் எந்தச் செயலி நுழைந்தாலும் உரியவரைக் கேட்கத் தொடங்கின. 2021இல் லினக்ஸ் 5.13 பதிப்பில் லேண்ட்லாக் வந்தது. அட்மின் தயவில்லாமல் ஒரு சாதாரண நிரலே தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ள அது வழி செய்கிறது.

கையில் இருக்கும் கணினி

"கம்ப்யூட்டரை விடுங்க தம்பி. போன்ல ஒவ்வொண்ணும் கேக்குது. நான் எல்லாத்துக்கும் அலோதான் கொடுக்கேன். கொடுக்கலைன்னா வேலை நடக்க மாட்டேங்கே."

அண்ணாச்சி சொல்வதுதான் நாட்டின் பெரும்பாலோர் அனுபவம். இதில் நடந்ததையும் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஒரு நல்ல காரியத்தோடு தொடங்கியது. யூனிக்ஸில் ஆளுக்குத் தரும் பயனர் எண்ணை, அது ஒவ்வொரு செயலிக்கும் தந்தது. ஒரு செயலியின் தனிக் கோப்புகளை இன்னொன்று தொட முடியாது. வங்கிச் செயலியின் உள்கோப்பை விளையாட்டுச் செயலி படிக்க முடியாமல் இருப்பது இதனால்தான். ஆனால் படங்கள், வீடியோக்கள், டவுன்லோட்கள் எல்லாம் இருந்த பொது இடம் இந்தக் காவலுக்கு வெளியே நின்றது. அந்தக் காலத்தில் அது மெமரி கார்டு. கார்டுகளில் ஃபேட் என்ற பழைய கோப்பு அமைப்பு. அதில் சொந்தக்காரர், குழு என்ற குறிப்பெல்லாம் கிடையவே கிடையாது. எனவே ஒரே அனுமதி கொடுத்தால் கார்டு முழுவதும் திறந்துவிடும். படிப்பதற்கு 2013இல் வந்த 4.4 பதிப்பு வரை அந்த அனுமதிகூடக் கட்டாயமாக இல்லை.

2015இல் 6.0 பதிப்பு வரும்வரை, செயலியை நிறுவும்போதே அனுமதிகளின் பட்டியலை நீட்டுவார்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும், அல்லது செயலியே வேண்டாம் என்று விட வேண்டும். 6.0இல் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. 2019இல் 10ஆம் பதிப்பு, செயலிகள் பொதுச் சேமிப்பு முழுவதையும் மேய்வதை நிறுத்த முயன்றது. செயலி எழுதுபவர்கள் அவகாசம் கேட்டதால், 2020இல் 11ஆம் பதிப்பிலிருந்துதான் அது கட்டாயமானது. 2022இல் 13ஆம் பதிப்பு படம், வீடியோ, ஒலி மூன்றுக்கும் தனித்தனி அனுமதி என்றது. 2023இல் 14ஆம் பதிப்பில், எல்லாப் படங்களையும் தராமல் நீங்கள் தொட்டுக் காட்டும் படங்களை மட்டும் தரலாம் என்ற வழி வந்தது. ஐபோனில் இது 2020இலேயே வந்துவிட்டது. தொடர்பு எண்களிலும் சிலவற்றை மட்டும் தேர்ந்து கொடுக்கும் வசதி 2024இல் ஐபோனுக்கு வந்தது.

முழு கார்டிலிருந்து ஒரே ஒரு படம் வரை வந்து சேர இவ்வளவு காலமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கடன் செயலிகள் கற்றுத்தந்த பாடம்

கொரோனா முடக்கத்தில் வருமானம் நின்ற வீடுகளுக்குள் உடனடிக் கடன் செயலிகள் நுழைந்தன. ஐந்தாயிரம் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு, போனின் தொடர்பு எண்கள், படங்கள், கோப்புகள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டன. தவணை தவறியதும் அந்தப் பட்டியலில் இருந்த அம்மாவுக்கும் மேலாளருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அழைப்புகள் போயின. கேலரியிலிருந்து எடுத்த படங்கள் சிதைக்கப்பட்டு உறவினர்களுக்கு அனுப்பப்பட்டன. 2020 கடைசியில் தெலங்கானாவில் தற்கொலைகள் வரை போய், போலீஸ் வழக்குகளும் கைதுகளும் நடந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

காட்கோபரில் ஏறினால் லோக்கல் ரயில் நேரே சிஎஸ்எம்டி நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது ரிசர்வ் வங்கியின் தலைமையகம். அங்கே 2021 ஜனவரியில் இதற்காக ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான அதன் அறிக்கை, இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்றது. 2022 செப்டம்பர் 2 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், அனுமதி பற்றி மிகத் தெளிவாகப் பேசின. கடன் செயலிகள் போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை அணுகுவதைத் தவிர்க்க வேண்டும். வாடிக்கையாளரைச் சேர்க்கவும் அடையாளத்தைச் சரிபார்க்கவும் தேவைப்படும் கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை வெளிப்படையான சம்மதத்தோடு ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம். 2023 மே 31 முதல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில், தனிநபர்க் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு எண்களையும் அணுகத் தடை விதித்தது. 2025 மே மாதம் ரிசர்வ் வங்கி இந்த விதிகளை ஒன்றுசேர்த்துப் புதிய வழிகாட்டுதலாக வெளியிட்டது. முறையான நிறுவனங்களின் கடன் செயலிகளை அதன் இணையதளத்திலுள்ள பட்டியலில் இப்போது யாரும் பார்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கும் முன் ஐந்து நிமிடம் அதற்காக ஒதுக்குவது அவசியம்.

இந்த விதியின் அமைப்பைக் கவனியுங்கள். என்ன பொருள், என்ன வேலைக்கு, எத்தனை முறை என்று மூன்றையும் அது சொல்கிறது. இயங்குதளம் எழுதுபவர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்ட நுணுக்கம் அதுதான். இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாடகைக்கு நாளை கடைசி நாள் என்று நிற்பவரிடம் "அனுமதிக்கிறீர்களா" என்று கேட்பது உண்மையான கேள்வியே அல்ல. அவரால் மறுக்க முடியாது. அனுமதியை நூறு துண்டாக நறுக்கிக் கொடுத்தாலும் அவர் நூறு முறை சரி என்றுதான் அழுத்துவார். அப்படிப்பட்ட இடத்தில் கேட்கவே கூடாது என்று சட்டம் தடுத்தாக வேண்டும். கணினி நிபுணர்கள் பலர் இன்னும் பேசத் தயங்கும் உண்மை இது.

எவ்வளவு நுணுக்கம் போதும்?

நுணுக்கம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸின் செக்யூரிட்டி பக்கத்தில் உள்ளே போகப் போகக் கட்டங்கள் பெருகும். மேலிருந்து இறங்கிய விதியும் இங்கே எழுதிய விதியும் மோதும்போது, இறுதியில் யாருக்கு என்ன அனுமதி என்பது அனுபவமுள்ளவருக்கே சட்டென்று புரியாது. ஏதோ திறக்கவில்லை, வாடிக்கையாளர் காத்து நிற்கிறார் என்றால், கை நேராக "எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்" பக்கம் போகும். பட்டியல் இருந்தும் 777 திரும்பி வந்துவிடும்.

எனவே என் அளவுகோல் இது: ஒரு விதியைக் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும், அந்த வாக்கியத்தை இயங்குதளம் அப்படியே நடத்திவைக்க வேண்டும். "கணக்கர் பில்லைப் படிக்கலாம், திருத்தக் கூடாது." "இந்தச் செயலிக்கு இந்த ஒரு படம், இந்த ஒரு முறை." இதைவிடக் கரடுமுரடாக இருந்தால் அப்பாவிகள் அகப்படுவார்கள். இதைவிடச் சிக்கலாக இருந்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

இந்த அளவுகோலில் தேறும் சிறந்த வழி, அனுமதி கேட்கும் பெட்டியே இல்லாத வழி. படம் தேர்ந்தெடுக்கும் திரையைச் செயலி காட்டாமல் இயங்குதளமே காட்டுகிறது. நீங்கள் ஒரு படத்தைத் தொடுகிறீர்கள். அந்த ஒரு படம் மட்டும் செயலிக்குப் போகிறது. மற்ற படங்கள் இருப்பதுகூட அதற்குத் தெரியாது. எந்தப் படம் என்று சொன்ன அந்தத் தொடுகையே அனுமதியாகிவிட்டது. தனியாக ஒரு கேள்வி தேவைப்படவில்லை. கம்பைலர் கதையில் நடந்த குழப்பத்துக்கும் இங்கே இடமில்லை. கோப்பின் பெயரும் அதைத் திறக்கும் அதிகாரமும் சேர்ந்தே ஒருவரிடமிருந்து போகின்றன.

கோப்பு அனுமதிக்கு ஓர் எல்லையும் உண்டு. நகல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விட்டால், உங்கள் கணினியில் வைத்த விதி அதோடு போவதில்லை. அங்கே நுணுக்கம் கோப்புக்குள்ளேயே வேண்டும். ஆதார் ஆணையம் தரும் மறைத்த ஆதாரில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். முழு எண் தேவைப்படாத இடங்களில் அதைக் கொடுத்தாலே போதும். ஃபாரம் நிரப்பும் கடைகள் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லித் தருவது பெரிய உதவி.

கடைக்கு என்ன செய்யலாம்?

அண்ணாச்சிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், அட்மின் கணக்கில் அன்றாட வேலை வேண்டாம். அண்ணாச்சிக்கும்கூடத் தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்குதான். வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும், கணக்கருக்கும், தனித்தனிக் கணக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, மூன்றே ஃபோல்டர்கள்: பில், டிசைன், வாடிக்கையாளர் ஆவணம். ஃபோல்டரில் விதி வையுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் வைக்க வேண்டாம். விதிகளை ஒரு தாளில் தமிழில் எழுதிவைத்துவிட்டு அதன்படி கட்டங்களைக் குறியுங்கள். தாளில் எழுத முடியாத விதி கணினியிலும் வேண்டாம்.

மூன்றாவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய், ஃபோல்டர் அணுகல் கட்டுப்பாட்டை இயக்குங்கள். தானாக அது இயங்குவதில்லை. பில் ஃபோல்டரையும் அதன் காவலில் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, வாட்ஸ்அப்பில் வந்த வாடிக்கையாளர் கோப்புகளைக் கடை அடைக்கும் முன் அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வைத்திருக்காத கோப்புக்கு அனுமதி தேவையில்லை.

போனில், செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜர் என்று தேடுங்கள். கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள் ஒவ்வொன்றையும் எந்தெந்தச் செயலி வைத்திருக்கிறது என்று பெயர் பெயராக வரும். டார்ச் லைட் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். "எல்லாக் கோப்புகளும்" என்ற அனுமதி, கோப்பு மேலாளர், பேக்கப், ஆன்டிவைரஸ் போன்ற சில வகைச் செயலிகளுக்கு மட்டுமே நியாயமானது.

கேட்டுப் பெற வேண்டியது

2023இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஆறாவது பிரிவில் ஓர் உதாரணமே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மருத்துவ ஆலோசனைச் செயலியை இறக்குகிறார். அது தொடர்பு எண்களையும் கேட்கிறது, அவரும் சம்மதித்துவிடுகிறார். அந்தச் சேவைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவருடைய சம்மதம் சேவைக்குத் தேவையான தகவல்களுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது சட்டம். சரி என்று அழுத்திவிட்டாலும் தேவைக்கு மேல் எடுத்தது தவறுதான். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. அந்த 22இல் தமிழும் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும்.

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆங்கிலமும் மராத்தியும் படிக்கத் திணறும் நம் வீட்டுப் பெரியவர்கள், பேரன் கைகாட்டிய இடத்தில் அழுத்துகிறார்கள். அந்த விதிகள் நடைமுறைக்கு வந்ததும், அவர்கள் எதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய மொழியிலேயே, தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனங்களுடையது.

இயங்குதளம் நுணுக்கமான அனுமதியைத் தர வேண்டும்; சட்டம் மறுக்க முடியாதவருக்காக மறுக்க வேண்டும்; இவை இரண்டும் பெருமளவு வந்துவிட்டன. மூன்றாவது நம் பங்கு. கடன் செயலி விதிகள் வந்தது, ஏமாற்றப்பட்டவர்கள் போலீஸ் நிலையத்திலும் ரிசர்வ் வங்கியிலும் புகார் எழுதியதால். தேவைக்கு மேல் ஒரு செயலி கேட்டால் மறுப்போம். மறுத்தால் வேலை செய்யாது என்று அது சொன்னால் பிளே ஸ்டோரில் புகார் எழுதுவோம். நம் ஆவணம் உள்ள கடையில், அதை அழித்துவிட்டீர்களா என்று கேட்போம். அப்படிக் கேட்கும் வாடிக்கையாளரைத் தொந்தரவாக நினைக்காத கடைக்காரராக அண்ணாச்சி இருப்பார். அவர் கேட்ட கேள்வியும் வாடிக்கையாளர்களுக்காகத்தானே.